கிணற்றுச் சுவர் சொன்ன வயது

திருவண்ணாமலை மாவட்டத்தில் எந்தக் கல்லைக் காட்டினாலும் அப்பாதுரை வயது சொல்லிவிடுவார். ஜீப்பை ஓரம் கட்டி இறங்கி, சுத்தியலால் ஒரு தட்டு. உடைந்த பக்கத்தை வெயிலில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இருநூத்தம்பது கோடி வருஷம்" என்பார். பக்கத்திலேயே கருப்பாகச் சுவர் போல ஓடும் கல்லைக் காட்டி, "இது பின்னாடி வந்து பூந்தது. நூத்தி அறுபது" என்பார். இரண்டாவது தடவை கோடி, வருஷம் எல்லாம் கிடையாது. தெருக்காரர்களின் வயதைச் சொல்வதுபோல வெறும் எண்தான்.

தன் வயதைக் கேட்டால் மட்டும், "எதுக்குக் கேக்கறீங்க?" என்பார். எதற்கு என்று தெரிந்தால்தான் எதைச் சொல்வது என்று அவரால் முடிவு செய்ய முடியும்.

ஏனென்றால் அவரிடம் நான்கு வயது இருந்தது. லாரி ஓட்டக் கிளம்பிய நாளில் வயது போதாது என்றார்கள். அதனால் லைசென்சில் 1963. ஆதார் எடுத்த பெண் தோராயமாகச் சொல்லுங்கள் என்றாள். தலை அப்போது நன்றாகக் கருத்திருந்ததால் அவளே 1.1.1970 என்று போட்டுக்கொண்டாள். ரேஷன் அட்டை இரண்டுக்கும் நடுவில் ஒரு கணக்கு வைத்திருந்தது. பள்ளிக்கூட டி.சி.யில் 1.6.1965. இந்த நான்கில் எதைக் கேட்கிறார்களோ அதை நீட்டி, இருபத்தாறு வருடமாகப் பாறை ஆராய்ச்சிக்காரர்களுக்கு ஜீப் ஓட்டிக்கொண்டு, வேங்கிக்காலில் இரண்டு அறை வீடும் கட்டிவிட்டார். ஒருநாளும் அவை ஒன்றோடு ஒன்று இடிக்கவில்லை. சரசு அறுபதாம் கல்யாணம் என்று ஆரம்பிக்கும் வரை.

சரசுவுக்கும் அவருக்கும் நடந்த முதல் கல்யாணம், அவளைப் பொறுத்தவரை, அவளுடைய அக்காவின் கல்யாணம். ஒரே பந்தல், ஒரே மேடை, இரண்டு ஜோடி. அப்பா இரண்டு பெண்களையும் ஒரே சாப்பாட்டில் முடித்துவிட்டார். முதலில் அக்காவுக்குத் தாலி ஏறியது, மேளம் கொட்டியது, கூட்டம் அரிசியைப் போட்டுவிட்டுப் பந்திக்கு ஓடியது. சரசுவுக்குத் தாலி ஏறும்போது எதிரில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, காது கேட்காத ஒரு தாத்தா. போட்டோக்காரரின் ரோல் அக்காவோடு தீர்ந்திருந்தது. பையனுக்கும் பெண்ணுக்கும் கல்யாணமாகிப் போன பிறகும் சரசு இதைச் சொல்வாள். அழுதுகொண்டு அல்ல, கீரை ஆய்ந்துகொண்டு. போன வைகாசியில் அந்த அக்கா தன் வீட்டுக்காரருக்கு அறுபதாம் கல்யாணம் செய்து, முந்நூறு படம் போட்ட ஆல்பத்தையும் அனுப்பி வைத்த பிறகு கீரை ஆய்வது வேகமாகியது.

"ஒரு தடவை நான் மட்டும் உக்காரணும்" என்றாள் சரசு. அவ்வளவுதான் கோரிக்கை.

ஐயரைப் பார்க்கப் போனார்கள். அவர் டி.சி.யைக் கையில் வாங்கவே இல்லை. ஜூன் ஒன்று என்று காதில் விழுந்ததுமே சிரித்துவிட்டார். இந்தப் பக்கத்தில் அந்தக் காலத்தில் படித்தவர்களில் பாதிப் பேர் ஜூன் ஒன்றில் பிறந்தவர்கள்தான். பள்ளிக்கூடம் திறக்கிற நாளுக்கு ஏற்றபடி ஹெட்மாஸ்டர்கள் பிறக்க வைத்தவர்கள். அறுபதாம் கல்யாணம் என்றால் பிறந்த தமிழ் வருடம் அறுபது சுற்றித் திரும்பி வந்திருக்க வேண்டும், அந்த மாதம் வேண்டும், நட்சத்திரம் வேண்டும் என்றார். இப்போது நடப்பது விசுவாவசு. பங்குனியோடு முடிகிறது. இவர் விசுவாவசுவில் பிறந்திருந்தால் மிச்சமிருக்கிற இரண்டு மாதத்துக்குள் எப்படியாவது நடத்திவிடலாம். முந்தைய குரோதியில் பிறந்திருந்தால் போனது போனதுதான்.

"போனா?" என்று கேட்டாள் சரசு.

"எழுபதுல ஒண்ணு இருக்கும்மா."

சரசு திரும்பித் தன் கணவரைப் பார்த்தாள். சர்க்கரை, முட்டி வலி, இரண்டு பல் இல்லை. எழுபது வரைக்கும் இதை நம்பிக் காத்திருக்க முடியாது என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டாள். யாரும் பார்க்காத காலத்தில் உண்டான கல்லுக்கு வயது சொல்கிற மனுஷனுக்கு, பெற்ற தாய் பக்கத்தில் இருக்கப் பிறந்த தன் வயது எப்படித் தெரியாமல் போகும் என்பது அவள் கேள்வி. நியாயமான கேள்விதான். அப்பாதுரை பொறுமையாக விளக்கினார். பாறை உருகி இறுகும்போது அதற்குள் ஜிர்கான் என்று பொடிப்பொடியாக ஒரு மணி உண்டாகும். அது உண்டாகும்போதே கொஞ்சம் யுரேனியத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும். ஈயத்தை அண்ட விடாது. அப்புறம் உள்ளே இருக்கும் யுரேனியம் மாறாத ஒரு கதியில் ஈயமாக மாறிக்கொண்டே இருக்கும். இது எவ்வளவு மிச்சம், அது எவ்வளவு ஆச்சு என்று மெஷினில் எண்ணிப் பார்த்தால், மணி பிறந்து எவ்வளவு காலம் என்று தெரிந்துவிடும்.

"உங்களுக்குள்ள அந்த மாதிரி ஒண்ணும் இல்லையா?"

"எனக்குள்ள சர்க்கரைதான் இருக்கு."

அந்த வாரம் அவர் ஜீப்பில் சுற்றிக்கொண்டிருந்தவள் மதிவதனி. சென்னையிலிருந்து வந்து, டவுனில் ஒரு லாட்ஜில் தங்கி, கருப்புக் கல் சுவர்கள் எந்தக் காலத்தில் புகுந்தவை என்று ஆராய்கிற பெண். மதியச் சாப்பாடு சரசுவிடம். சாம்பாரை ஊற்றிக்கொண்டே சரசு வழக்கை அவளிடம் வைத்தாள். மதிவதனி சிரிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மெஷின் வேண்டியதில்லை என்றாள். எது எதை வெட்டிக்கொண்டு போகிறதோ அது இளையது; எது எதற்குள் மாட்டிக்கொண்டிருக்கிறதோ அது மூத்தது. முதலில் வரிசை பிடிக்க வேண்டும். பிறகு அந்த வரிசையில் எங்காவது ஒரு இடத்தில் உறுதியான ஒரு தேதி கிடைத்தால் போதும்.

"வீட்ல உறுதியான தேதி யாருக்காவது இருக்கா அண்ணா?" என்று கேட்டாள்.

இருந்தது. தம்பி சகாதேவனுக்கு. கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர். அவர் மட்டும் வயிற்றில் குறுக்கே கிடந்ததால், அம்மாவை மாட்டு வண்டியில் போட்டு டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு பத்திரமாக இருந்தது. போன் செய்து கேட்டதும் அதைப் படம் பிடித்து அனுப்பினார்: 20.2.1966.

அப்பாதுரை டி.சி.யையும் போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மதிவதனி நோட்டில் எழுதினாள். இரண்டு பேரும் திருப்தியாகத் தலையாட்டினார்கள். அண்ணன் அறுபத்தைந்து, தம்பி அறுபத்தாறு. வரிசை சரி, வருடம் விசுவாவசு, கல்யாணம் நடத்தலாம்.

கரண்டியோடு நின்ற சரசு விரல் விட்டு எண்ணினாள். இன்னொரு தடவை எண்ணினாள்.

"ஜூன்ல இவரு. பிப்ரவரியில அவரு. எட்டு மாசம், இருபது நாளு. எங்க மாமியார் என்ன கோழியா?"

இரண்டு பேரும் நோட்டை மறுபடி இழுத்துப் பார்த்தார்கள். கல்லுக்கு ஐம்பது லட்சம் வருடம் முன்னே பின்னே போட்டுப் பழகியவர்கள். எட்டு மாதம் கண்ணில் படாததில் வியப்பில்லை. மதிவதனிதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஆஸ்பத்திரிச் சீட்டு பொய் சொல்லாது. அப்படியானால் தவறு டி.சி.யில். தம்பிக்கு ஒரு வருடமாவது முன்னால் அண்ணன் பிறந்திருக்க வேண்டும். 1965 தொடக்கம், அல்லது அதற்கும் முன்னால். அதாவது குரோதி. அல்லது அதற்கும் முன்னால்.

சரசு ரசச் சட்டியை மூடி உள்ளே கொண்டுபோய்விட்டாள். அன்று யாருக்கும் ரசம் கிடைக்கவில்லை.

அப்பாதுரை அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஒரே ஒரு ஆதாரத்தை வைத்து முடிவுக்கு வருவது அவருக்குப் பிடிக்காது. அதோடு ரசம் நாளைக்கும் கிடைக்காது என்ற பயம் இருந்தது. பெரிய அக்கா அஞ்சலைக்குப் போன் போட்டார். அவரைவிடப் பத்து வயது மூத்தவர். அதே கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவர். அம்மா தன்னைப் பெற்ற வருடம் ஞாபகமிருக்கிறதா என்று கேட்டார். வருஷத்தையெல்லாம் நான் எங்கே கண்டேன் என்றார் அஞ்சலை. தான் பிறக்கும்போது வேறு என்ன நடந்தது என்று கேட்டார். கிணற்றுக்கு அப்போதுதான் கைப்பிடிச் சுவர் எழுப்பினார்கள். அஞ்சாறு மாசத்து வயிற்றைத் தூக்கிக்கொண்டு அம்மா வந்து, ஈரச் சிமெண்டில் ஒரு காசைப் பதித்தாள். அந்த வயிற்றில் இருந்தது நீதான் என்றார்.

போனை வைத்த அப்பாதுரை சரசுவைக் கூப்பிட்டார். காசு இன்னும் அங்கேயே இருந்தது. சின்ன வயதில் அதை நகத்தால் நோண்டி அடி வாங்கியிருக்கிறார். ஓரம் நெளிந்த பத்துப் பைசா. வெளியே தெரிவது சிங்கம். வருடம் போட்ட முகம் சிமெண்டுக்குள்.

காசு சுவருக்குள் மாட்டியிருப்பதால் காசு மூத்தது. காசில் போட்டிருக்கிற வருடத்துக்கு முன்னால் அந்தச் சுவர் இருந்திருக்க முடியாது. சுவர் எழும்பியபோது அவர் வயிற்றில் இருந்ததால், சுவருக்கு முன்னால் அவரும் பிறந்திருக்க முடியாது. காசில் மட்டும் 1965 என்று இருந்துவிட்டால், அவர் 1965க்கு முன்னால் போக வழியே இல்லை. எட்டு மாதச் சிக்கல் அப்படியே நிற்கும்தான். ஆனால் அறிவியலில் ஒவ்வொன்றாகத்தான் போக வேண்டும் என்றார். சரசு அன்று ராத்திரி ரசம் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ஜீப்பில் போனார்கள். மதிவதனிக்கு லீவுதான், ஆனால் சகாதேவன் வீட்டில் நாட்டுக்கோழி என்று சொல்லியிருந்தார்கள். கூடவே சுத்தியல், உளி, மாதிரிகள் போடும் துணிப்பை எல்லாம் எடுத்து வந்திருந்தாள்.

சகாதேவன் கிணற்றடியில் குறுக்கே நின்றுகொண்டார். பாகம் பிரித்ததில் கிணறு அவருடையது.

"அண்ணா, நீ கேட்டா உசிரையே குடுப்பேன். செவுத்தை ஒடைக்காத."

"ஒடைக்கலடா. மாதிரி எடுக்கறோம்."

"எவ்ளோ எடுப்பே?"

"கம்மியாத்தான்."

கடைசியில் அவருடைய மனைவி திரௌபதி வந்து, சரசு அக்காவுக்காக விடுங்க என்று சொன்ன பிறகுதான் நகர்ந்தார். மதிவதனி சுவரின் மேல் அளவுக்காக ஒரு பேனாவைக் கிடத்தி நான்கு பக்கமும் படம் எடுத்தாள். வடக்கு எது என்று கேட்டு அம்புக்குறி போட்டாள். சிமெண்ட் பூச்சு பிற்காலத்தில் மேலே வந்ததா, காசோடு சேர்ந்து வந்ததா என்று லென்ஸ் வைத்துப் பார்த்து, சேர்ந்து வந்ததுதான் என்று அறிவித்தாள். அதற்குள் வேலிக்கு அந்தப் பக்கம் பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள். புதையல் என்று ஒருவர் சொன்னார், ஓ.என்.ஜி.சி. என்று இன்னொருவர் பயமுறுத்தினார். இல்லை, அப்பாதுரைக்கு வயது பார்க்கிறார்கள் என்று சகாதேவன் விளக்கியதும் கூட்டம் இருமடங்கானது.

நாலாவது அடியில் தேங்காய் அளவுக்கு ஒரு கட்டி பெயர்ந்து விழுந்தது. காசு தனியாக உருண்டது. மாதிரியைக் கழுவக் கூடாது என்று மதிவதனி வாயெடுப்பதற்குள் திரௌபதி அதைப் புளி போட்டுத் தேய்த்து, முந்தானையில் துடைத்து, சரசுவின் கையில் வைத்துவிட்டாள்.

சரசு கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தாள். "அறுபத்தேழு."

அப்பாதுரை வாங்கிப் பார்த்தார். மதிவதனி லென்ஸ் வைத்துப் பார்த்தாள். 1967தான். எழுத்துக்கூடத் தேயாத புதுக் காசு; அடித்த வருடமே பதித்திருக்க வேண்டும்.

ஜீப்பிலிருந்து இறங்கிக் கல்லைத் தட்டும்போது வருகிற அதே குரல் அப்பாதுரைக்கு வந்தது. அவரால் அதை நிறுத்த முடியவில்லை.

"செவுரு அறுபத்தேழுக்கு முன்னாடி இல்ல. நான் செவுத்துக்கு அப்புறம். சகாதேவன் அறுபத்தாறு பிப்ரவரி. அப்போ..." என்றார். சகாதேவனைப் பார்த்தார்.

"அண்ணா" என்று ஆரம்பித்த சகாதேவன் பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

பாறைகளில் இப்படி நடப்பதுண்டு என்று மதிவதனி மெல்லச் சொன்னாள். பெரிய அழுத்தம் வந்தால் அடுக்குகள் மடிந்து தலைகீழாகப் புரண்டுவிடும்; மேலே கிடப்பது இளையது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், உண்மையில் அதுதான் மூத்ததாக இருக்கும். அப்படி இங்கே என்ன அழுத்தம் வந்தது என்றுதான் தெரியவில்லை.

அழுத்தம் எது என்று தெரிந்தவர் துவரங்காய் உரித்துக்கொண்டே வந்து சேர்ந்தார்.

"பள்ளிக்கூடத்துல காது தொடச் சொன்னாங்களே, அதுதான்" என்றார் அஞ்சலை.

அந்தக் காலத்தில் ஒன்றாம் வகுப்புக்கு வயது ஆகிவிட்டதா என்று பார்க்க ஹெட்மாஸ்டர் ஒரு வழி வைத்திருந்தார். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். எட்டினால் ஐந்து முடிந்தது. எட்டாவிட்டால் அடுத்த வருடம். அப்பா இரண்டு பையன்களையும் ஒரே நாளில் கூட்டிக்கொண்டு போனார். மூத்தவன் சகாதேவனுக்கு ஆறு வயது. தலை பெரிது, கை குட்டை, எட்டவில்லை. இளையவன் அப்பாதுரைக்கு ஐந்து கூட முடியவில்லை. கை மட்டும் முருங்கைக்காய். காதைத் தொட்டதோடு நிற்காமல் இழுத்தும் காட்டினான். மூத்தவனுக்கு எட்டாதது இளையவனுக்கு எட்டிவிட்டது என்றால் ஊரே சிரிக்கும். ஹெட்மாஸ்டர், யாரப்பா பெரியவன் என்று கேட்டதும், அப்பா கொஞ்சமும் யோசிக்காமல் அப்பாதுரையைக் காட்டிவிட்டார். அவரும் சகாதேவனின் ஆஸ்பத்திரிச் சீட்டுக்கு முந்தின ஜூன் ஒன்றாகப் பார்த்து எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து வீட்டிலும் அதுவே ஆகிவிட்டது. மேல் வகுப்பில் இருப்பவனைக் கீழ் வகுப்பில் இருப்பவன் அண்ணா என்றுதானே கூப்பிட வேண்டும்.

"அம்பது வருஷமா ஏன்க்கா சொல்லல?" என்றார் அப்பாதுரை.

"உங்களுக்குத் தெரியும்னு இல்ல நெனச்சேன்."

"எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பொறந்தது நீங்கதானே?"

சகாதேவன் கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அப்பா பனமட்டையால் அடித்தது தனக்கு ஞாபகம் இருக்கிறது என்றார். எதற்கு அடித்தார் என்றுதான் இத்தனை நாள் தெரியாமல் இருந்ததாம். அப்பா செத்தபோது கொள்ளி வைத்ததும் முறை மாறித்தான் நடந்திருக்கிறது. அதைப் பற்றி ஏதோ சொல்ல வந்து, செத்தவரும் ஒத்துக்கொண்டுதானே இருந்தார் என்று அவரே விட்டுவிட்டார்.

சரசு இதில் எதையும் கேட்கவில்லை. விரல் விட்டுக்கொண்டிருந்தாள். அறுபத்தேழோடு அறுபது. இரண்டாயிரத்து இருபத்தேழு. போகவில்லை. இன்னும் வரவே இல்லை.

அதே சமயம் திரௌபதியும் விரல் விட்டுக்கொண்டிருந்தாள். அவள் கணக்கு சீக்கிரம் முடிந்தது. சகாதேவன் பிறந்தது விசுவாவசு மாசி, சதய நட்சத்திரம். இது விசுவாவசு. மாசிச் சதயத்துக்கு இன்னும் பத்து நாள்.

"அக்கா" என்றாள் சரசுவிடம். "மூத்தவருக்கு ஆகாம இளையவருக்குப் பண்ணக் கூடாதேன்னு வாயத் தெறக்காம இருந்தேன். இப்போ இவரே மூத்தவருன்னா..."

அவள் கண்ணில் இருந்தது எது என்று சரசுவுக்குத் தெரியும். அதே பசியைச் சரசுவும் முப்பத்து மூன்று வருடமாக வைத்திருக்கிறாள்.

"பண்ணு" என்றாள். "அதுக்கு ஏன் என்னை அக்காங்கறே? இனிமே நீதான் மூத்த மருமக."

மறுநாள் ஐயரிடம் போனபோது அவர் நல்லெண்ணத்தில் ஒரு யோசனை சொன்னார். காசு, சுவர், காது எல்லாம் கேட்டால் இவருடைய பிறப்பு எப்படியும் உத்தேசக் கணக்குதான். ஒன்றிரண்டு வருடம் முன்னே பின்னே சாஸ்திரம் பொறுத்துக்கொள்ளும். அண்ணன் தம்பி இரண்டு ஜோடியையும் ஒரே மேடையில் உட்கார வைத்து, ஒரே சாப்பாட்டில் முடித்துவிடலாமே. அப்பாதுரைக்கு அது சிக்கனமாகப் பட்டது. வாயைத் திறந்தார். பக்கத்தில் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"வேணாம் சாமி" என்றாள் சரசு. "ரெண்டு வருஷம் நான் காத்துக்கறேன். கூட யாரும் வேணாம்."

மாதமும் நட்சத்திரமும் வேண்டுமே என்றார் ஐயர். சரசு அங்கேயே அஞ்சலைக்குப் போன் போட்டாள். ஐப்பசி, ரோகிணி என்று உடனே பதில் வந்தது. மழை பெய்து கூரை ஒழுகியது, மருத்துவச்சி வர நேரமானது என்பது வரை வந்தது. இதையெல்லாம் அன்றைக்கே சொல்லியிருந்தால் சுவரை உடைத்திருக்க வேண்டாமே என்று அப்பாதுரை போனைப் பிடுங்கிக் கேட்டதற்கு, வருஷம்தானே கேட்டாய், மாசத்தை எவன் கேட்டான் என்றார் அஞ்சலை.

மாசிச் சதயத்தன்று வேங்கிக்காலில் ஒரு சின்ன மண்டபத்தில் சகாதேவனுக்கும் திரௌபதிக்கும் கல்யாணம் நடந்தது. இளையவர்கள் வந்து காலில் விழலாம் என்றார் ஐயர். அப்பாதுரை குனிந்தார். அண்ணன் முன்னால் வந்து நிற்கிறாரே என்ற பழக்கத்தில், மாலையோடு இருந்த சகாதேவனும் குனிந்தார். இரண்டு மண்டையும் மோதிய சத்தம் மைக்கில் கேட்டது. கேமராக்காரன் அதை மூன்று கோணத்தில் பிடித்தான். மதிவதனி கல்லடுக்குப் படம் போட்ட ஒரு டீ கோப்பையைப் பரிசாகக் கொடுத்துவிட்டு, இரண்டாவது பந்தியில் சாப்பிட்டாள்.

சரசு முதல் பந்திக்கே போகவில்லை. கூட்டம் இலைக்கு ஓடியதும், மேடையில் தனியாக நின்ற திரௌபதிக்கு எதிரில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். கடைசிப் படம் எடுத்து முடிக்கிற வரை அவள் எழுந்திருக்கவில்லை; கேமராக்காரனையும் எழுந்து போக விடவில்லை.

பிறகு மண்டபத்து ஆபீஸ் அறைக்குப் போனாள். மேனேஜர் பரசுராமன் சாவிக்கொத்தோடு உட்கார்ந்திருந்தான்.

"இருவத்தேழு ஐப்பசிக்கு மண்டபம் வேணும்."

"வர்ற வருஷத்து டைரியே இன்னும் போடலம்மா."

"காயிதத்துல எழுது."

"எந்தத் தேதி?"

"ரோகிணி. தேதி தெரியாது. பஞ்சாங்கம் வந்தாத்தான் சொல்ல முடியும். அது வரைக்கும் ஐப்பசியில எவனுக்கும் குடுக்காத."

பரசுராமன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். வெளியே இலை எடுக்கிற சத்தம் கேட்டது. இவளிடம் வாதாடி முடித்துச் சாப்பிடப் போனால் வடை மிஞ்சாது என்று தோன்றியிருக்க வேண்டும். ஒரு வெள்ளைத் தாளை எடுத்தான்.

"இன்னிக்கு அண்ணன் தம்பி குடும்பம்னு சொன்னாங்க. அதுவும் ரெண்டு ஜோடியாம்மா? மேடைய அதுக்கேத்த மாதிரி போடணும்."

"ஒரு ஜோடி" என்றாள் சரசு. "ஒண்ணுன்னு எண்ணுலயும் எழுது, எழுத்துலயும் எழுது."

அவன் எழுதி முடிக்கும் வரை நின்று பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் சாப்பிடப் போனாள்.